ஆசிரியைக்கு அளிக்கத் தக்கது யாது?

நன்றியறிதல் நல்லது என்பதை மறுப்பார் எவரும் இலர். ஆனால் நன்றியை எவ்வாறு செலுத்துவது என்று ஆராய்ந்து பார்ப்பவர் மிகச் சிலரே. மனத்தில் அன்பு பெருகிவிட்டால் அதிலிருந்து எழும் செயலெல்லாம் நன்மையாகவே முடியும் என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். அன்பினால் செய்த செயலே அன்புக்குரியவரை இக்கட்டில் நிறுத்துவதும் உலகில் உண்டு. ஆதலால் அன்புக்கும் ஆராய்ச்சி வேண்டும்.

இதனை விளக்கச் சிறியதொரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். அயல்நாட்டில் கல்வி பயிலும் மாணவர் சிலர், தமக்கு அந்நாட்டு மொழியைக் கற்பிக்கும் ஆசிரியையின் பிறந்தநாள் இன்னதென்று அறிந்துகொள்கின்றனர். அவர் அறியாதபடி ஏற்பாடுகள் செய்து, அவர் வகுப்பறைக்குள் நுழையும் வேளையில் ஒரே குரலாய் வாழ்த்தி, அவரைத் திகைப்பிலும் மகிழ்ச்சியிலும் ஆழ்த்த விரும்புகின்றனர். இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அன்பின் பொருட்டு ஒருவரிடம் ஒன்றை மறைப்பது முறையா? நமக்கு மதிப்பெண் இடும் இடத்தில் இருப்பவருக்கு நாம் பொருள் கொடுப்பது முறையா? முதற் கேள்வி வாய்மையைப் பற்றியது. இரண்டாவது நேர்மையைப் பற்றியது. இவ்விரண்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு செயலைச் சிறியது என்று தள்ளிவிடுதல் இயலாது.

இக்கேள்விகளை வெறுங்கருத்தாக ஆராய்வதைவிட ஒரு நாட்டில் வைத்து ஆராய்வது நன்று. தென் கொரியாவை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூரை அடுத்து 1998ஆம் ஆண்டு முதல் கார்கள் செய்துவரும் கொரிய ஆலையினால் அந்நாட்டின் பெயர் தமிழ் மக்களுக்கு நன்கு பழகியதாயிற்று. மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் அங்கே செல்லும் தமிழ் இளைஞர்களும் உளர். இவையன்றி வேறொரு காரணமும் உண்டு. ஆசிரியரைப் போற்றுதல், மொழியைப் போற்றுதல், பிறந்தநாளைப் போற்றுதல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் நாடு அது. ஆசிரியருக்குப் பரிசு கொடுப்பதைச் சட்டத்தினால் தடுத்திருக்கும் நாடும் அதுவே.

மொழியாசிரியையின் இடம்

சியோல் நகரத்து யொன்செய் பல்கலைக்கழகம் வெளிநாட்டவர்க்குக் கொரிய மொழி கற்பிக்கும் நிலையத்தை 1959ஆம் ஆண்டில் தொடங்கியது. இன்று அந்நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் இத்தகைய நிலையங்கள் நடைபெறுகின்றன. பெரும்பாலும் ஆறு படிகளாகப் பாடம் வகுத்திருப்பர். ஒரு படிக்குப் பத்து வாரம். வாரத்துக்கு ஐந்து நாள். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம். ஆக ஒரு படிக்கு 200 மணி நேரம். வியட்நாம், சீனா, மங்கோலியா, உஸ்பெகிஸ்தான், ஜப்பான், இந்தியா எனப் பல நாட்டினரும் ஒரே அறையில் அமர்ந்திருப்பர். அவர்கள் அனைவருக்கும் பொதுவாக ஒரு மொழி உண்டென்றால், அது தங்கள் ஆசிரியையிடம் அரைகுறையாகக் கற்ற அந்தக் கொரிய மொழியே.

ஏனைய பாடங்களைக் கற்பிப்பவர்க்கும் மொழியைக் கற்பிப்பவர்க்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தோன்றுகிறது. கணிதம் தெரியாதவன் கணித வகுப்பில் மட்டுமே அறியாதவன். மொழி தெரியாதவனோ தெருவிலும் கடையிலும் மருத்துவமனையிலும் அறியாதவன். தன் ஊரில் பட்டம் பெற்றுப் பலரும் மதிக்க வாழ்ந்த இளைஞன், அயல்நாட்டில் உப்பு எது, சர்க்கரை எது என்று கேட்கத் தெரியாமல் கடையில் நிற்கிறான். எங்கே வலிக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லத் தெரியாமல் கையால் தொட்டுக் காட்டுகிறான். வளர்ந்த மனிதன் மீண்டும் பேச்சறியாக் குழந்தையாகிவிடுகிறான். அந்நிலையில் அவனுடைய சிதைந்த சொற்களைக் கேட்டு நகையாமல், அவன் சொல்ல விரும்பியது இன்னதென்று ஊகித்து, அதனைச் சொல்லும் முறையைத் திரும்பத் திரும்ப எடுத்துக் கூறுபவர் ஒருவர் உண்டு. அவரே மொழியாசிரியை. அவர்மீது மாணவர்க்கு அன்பு பெருகுவதில் வியப்பில்லை.

கொரிய மாணவர் தம் ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘சொன்செங்நிம்’ என்று அழைப்பர். அச்சொல்லின் முற்பகுதி சீன எழுத்தில் ‘முன் பிறந்தவர்’ என்னும் பொருளைத் தருவது. இறுதியில் நிற்கும் ‘நிம்’ மதிப்பைக் காட்டும் விகுதி. ஆசிரியரைக் குறிக்கும் சொல்லிலேயே பிறப்பு அடங்கியிருக்கிறது. நமக்கு முன்னே பிறந்து, நமக்கு முன்னே அறிந்து, அறிந்ததை நமக்கென வைத்திருப்பவர் ஆசிரியர் என்பது கருத்து. அவர் பிறந்த நாளைக் கொண்டாட மாணவர் விரும்புவது இயல்பே.

அந்நாட்டில் பிறந்தநாளுக்குரிய உணவு கடற்பாசியில் செய்த ஒரு சாறு. அதனை ‘மியொக்குக்’ என்பர். பிள்ளை பெற்ற தாய்க்கு உடல் தேறுவதற்காகக் கொடுக்கப்படுவது அது. ஆண்டுதோறும் பிறந்தநாளன்று மகனும் மகளும் அதனையே உண்கின்றனர். தாய் பட்ட வேதனையையும் அவள் அன்று உண்ட உணவையும் நினைவுகூர்ந்து உண்பதாக அவர்கள் கூறுவர். ஆதலின் அங்கே பிறந்தநாள் என்பது பிறந்தவரைப் புகழும் நாள் மட்டுமன்று. பெற்றவளுக்குப் பட்ட கடனை எண்ணும் நாளுமாம். மற்றொரு செய்தியும் உண்டு. அச்சாறு வழுவழுப்பானது. ஆகையால் தேர்வுக்குச் செல்லும் நாளில் அதனை உண்ணமாட்டார்கள். வழுக்கி விழுந்துவிடுவோம் என்பது நம்பிக்கை. தேர்வில் தோற்றவரைக் ‘கடற்பாசிச் சாறு குடித்தவர்’ என்று சொல்லும் வழக்கும் அம்மொழியில் இருக்கிறது.

ஆசிரியர் நாள் பிறந்த கதை

கொரியாவில் ஆசிரியர் நாள் மே மாதம் 15ஆம் நாள் கொண்டாடப்படுகிறது. அது சேஜோங் மன்னர் பிறந்த நாள். இன்றைய நாட்காட்டிப்படி அவர் 1397ஆம் ஆண்டு மே 15இல் பிறந்தார் எனக் கணக்கிட்டுள்ளனர். அக்காலத்தில் கொரிய மக்கள் பேசியது கொரிய மொழி. எழுதுவதற்கு இருந்ததோ சீன எழுத்து. அதனைக் கற்க வசதியும் ஓய்வும் வேண்டும். உழைக்கும் மக்கள் தம் குறையை எழுதித் தெரிவிக்கவும் வழியின்றி இருந்தனர். இதனைக் கண்டு இரங்கிய மன்னர் 28 எழுத்துக்களை 1443ஆம் ஆண்டில் ஆக்கி, 1446ஆம் ஆண்டில் நாட்டுக்கு வெளியிட்டார். அவற்றுள் 24 எழுத்துக்கள் இன்றும் வழங்குகின்றன. ஹங்குல் என்னும் பெயர் பெற்ற அவ்வெழுத்தையே வெளிநாட்டு மாணவன் முதல் வாரத்தில் கற்கிறான். நம் நாட்டில் 1962 முதல் டாக்டர் இராதாகிருஷ்ணனின் பிறந்த நாளாகிய செப்டம்பர் 5ஆம் நாளை ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம். கொரியரும் ஒரு பிறந்த நாளையே ஆசிரியர் நாளாகக் கொண்டனர். எழுத்தைக் கொடுத்தவரையே ஆசிரியர்க்கெல்லாம் தலைவராக அவர்கள் வைத்தது எண்ணத்தக்கது.

ஆனால் அந்த நாளின் தொடக்கம் அரண்மனையில் இல்லை. 1958ஆம் ஆண்டில் தென் சுங்சோங் மாகாணத்தைச் சேர்ந்த காங்கியோங் என்னும் ஊரில், இளைஞர் செஞ்சிலுவைச் சங்கத்தைச் சேர்ந்த பள்ளி மாணவியர், நோயுற்றிருந்த ஆசிரியர்களையும் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்களையும் தேடிச் சென்று நலம் விசாரித்தனர். அதுவே விதை. 1963இல் மே 26ஆம் நாளை ஆசிரியர்க்கு நன்றி கூறும் நாளாகக் குறித்தனர். 1965இல் அது சேஜோங் பிறந்த நாளுக்கு மாற்றப்பட்டது. இடையில் 1973இல் அரசு அதனை நிறுத்திவிட்டது. 1982இல் மீண்டும் உயிர்பெற்றது. அந்த மாணவியர் யாரைத் தேடிச் சென்றனர் என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நோயாளியும் ஓய்வு பெற்றவரும் எவருக்கும் மதிப்பெண் இடும் நிலையில் இருந்தவர் அல்லர்.

நன்றி விலையாக மாறிய விதம்

நல்ல வழக்கம் காலப்போக்கில் கெடுவது எந்நாட்டிலும் உள்ளதே. கொரியாவில் பெற்றோர் தம் பிள்ளையை நன்கு கவனித்துக்கொள்ளும்படி ஆசிரியருக்கு உறையில் பணம் வைத்துக் கொடுக்கும் பழக்கம் பரவிற்று. அதற்குச் ‘சொன்ஜி’ என்று பெயர். சிறிதளவே ஆன அன்புக் காணிக்கை என்பதே அப்பெயரின் கருத்து. கைக்கூலிக்கு அன்பின் பெயரைச் சூட்டும் திறமை மனிதர்க்கு எங்கும் உண்டு போலும்! ஆசிரியர் நாள் வந்தாலே, கொடுக்க இயலாத பெற்றோர் அஞ்சும் நிலை ஏற்பட்டது. உறைகள் வருவதைத் தடுக்க அந்நாளில் பள்ளிகளையே மூடிவிட்ட ஆண்டுகளும் உண்டு.

கொரிய உச்ச நீதிமன்றத்தின் முதற் பெண் நீதிபதியாக இருந்தவர் கிம் யங்-ரான் அம்மையார். அவர் ஊழல் தடுப்பு ஆணையத்தின் தலைவராக இருந்தபோது, பொதுப்பணியில் இருப்போர் பரிசு பெறுவதைத் தடுக்கும் மசோதாவை 2012இல் முன்வைத்தார். அது 2015 மார்ச்சில் நிறைவேறிற்று. அரசியலமைப்பு நீதிமன்றம் 2016 ஜூலையில் அதனை உறுதி செய்தது. 2016 செப்டம்பர் 28 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அரசு ஊழியரோடு பள்ளி, பல்கலைக்கழக ஆசிரியரும் அதில் அடங்குவர். மதிப்பெண் இடும் ஆசிரியருக்கு ஒரு மாணவன் தனியாக ஒரு கார்னேஷன் மலரையோ ஒரு குவளைக் காப்பியையோ கொடுப்பதும் கூடாது என்று விளக்கம் அளிக்கப்பட்டது. மாணவர் தலைவர் அனைவர் முன்னிலையிலும் ஆசிரியர் நாளன்று மலர் அளிக்கலாம். கையால் எழுதிய மடலும் அளிக்கலாம். படிப்பு முடிந்து, மதிப்பெண் இடும் தொடர்பு அற்றுவிட்டால் தடை தளர்ந்துவிடுகிறது.

மலர் ஒன்று கையூட்டாகுமா? இருபது வயது மாணவன் அன்போடு நீட்டும் காப்பிக் குவளையில் ஊழலைக் காண்பது கடுமை அல்லவா? இவ்வாறு பலர் கேட்டனர், இன்றும் கேட்கின்றனர். இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிடலாகாது. கொடுப்பவன் மனத்தில் கள்ளம் இல்லாதிருக்கலாம். வாங்குபவர் மனமும் தூய்மையாக இருக்கலாம். இருவரும் குற்றமற்றவராயின் இடையில் குற்றம் எவ்வாறு வந்து சேரும்?

விடை இதுவே. வகுப்பில் இருப்பவர் அவ்விருவர் மட்டும் அல்லர். மூன்றாவது ஒருவன் உண்டு. அவன் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறான். மொழி பயில வந்த மாணவன் அந்நாட்டில் முதல் ஆறு மாதம் வேலை செய்ய இயலாது. பின்னரும் அனுமதி பெற்றே செய்ய இயலும். ஊரில் நிலத்தை அடகு வைத்து அனுப்பியவர்க்கு அவன் திருப்பிக் கட்ட வேண்டும். பிறந்தநாளுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்க்கும்போது அவன் என்ன செய்வான்? கொடுத்தால் ஒருவேளை உணவு குறையும். கொடாவிட்டால் நன்றியற்றவன் என்ற பெயர் வரும். பரிசின்மேல் எழுதிய பெயர்களுள் தன் பெயர் இல்லாததை ஆசிரியை கண்டிருப்பாரோ என்று மதிப்பெண் வரும் நாள்வரை எண்ணிக்கொண்டிருப்பான். ஆசிரியை நடுநிலை தவறாதவராகவே இருக்கட்டும். அவனுடைய அச்சம் உண்மை அன்றோ? தராசு சரியாக நின்றால் மட்டும் போதாது. அதன் தட்டில் எவர் கையும் படவில்லை என்று காத்து நிற்பவனுக்கும் தெரிய வேண்டும். சட்டம் அந்த மூன்றாமவனுக்காகவே பேசுகிறது.

ஆசிரியையின் நிலையையும் எண்ண வேண்டும். மொழி நிலையங்களில் ஒப்பந்தக் காலத்துக்கு மட்டும் பணியாற்றும் ஆசிரியைகள் பலர். ஒரு படி முடிந்ததும், ஆசிரியை எவ்வாறு கற்பித்தார் என்று மாணவரிடம் கருத்துக் கேட்கும் வழக்கமும் உண்டு. அவர் மாணவரை மதிப்பிடுகிறார். மாணவரும் அவரை மதிப்பிடுகின்றனர். இத்தகைய நிலையில் இருப்பவர் முன் முப்பது கைகள் ஆரவாரத்தோடு ஒரு பரிசை நீட்டினால் அவர் என்ன செய்ய இயலும்? ஏற்றால் சட்டத்துக்கு மாறு. மறுத்தால் மாணவர் மனம் நோகும். மறுக்க இயலாதபடி கொடுக்கப்படும் பரிசு, பெறுபவரின் சுதந்திரத்தைப் பறித்துக்கொள்கிறது. எதிர்பாராத வேளையில் கொடுப்பதால், சிந்திக்கும் நேரமும் அவருக்கு இல்லாமற் போகிறது. திகைப்பில் ஆழ்த்துதல் என்பதற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு என்பதை மாணவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மறைத்தலும் பொய்த்தலும்

இனி முதற் கேள்விக்கு வருவோம். எதிர்பாரா மகிழ்ச்சிக்கு மறைவு வேண்டும். மறைத்தல் பொய்யாகுமா?

சொல்லாதிருத்தல் வேறு, இல்லாததைச் சொல்லுதல் வேறு. அனைத்தையும் அனைவரிடமும் எல்லா நேரத்திலும் சொல்லிக்கொண்டிருக்க எவரும் கடமைப்பட்டவர் அல்லர். நாளை மலர வேண்டிய அரும்பை இன்றே பிரித்துக் காட்ட வேண்டியதில்லை. ஒரு வகுப்பு முழுதும் ஒரு தாளில் வாழ்த்து எழுதிக்கொண்டிருக்கிறது. ஆசிரியை வரும் நேரத்தில் தாளைப் புத்தகத்தின் கீழ் வைக்கிறது. இதில் எவரும் ஏமாற்றப்படவில்லை. காலம் மட்டும் தள்ளி வைக்கப்படுகிறது.

ஆனால் பலர் அங்கே நிற்பதில்லை. ஆசிரியை வகுப்புக்குள் வரும்போது இரண்டு மாணவர் கடுமையாகச் சண்டையிடுவதுபோல் நடிப்பர். அவர் பதறிப்போய்த் தடுக்க ஓடுவார். அப்போது அனைவரும் சிரித்து வாழ்த்துப் பாடுவர். அல்லது ஒரு மாணவி மயங்கி விழுந்துவிட்டாள் என்று சொல்லி அவரை வேறோர் அறைக்கு வரவழைப்பர். முடிவில் மகிழ்ச்சியே என்றாலும், அதற்கு முன் அவர் நெஞ்சு துடித்த துடிப்புக்கு யார் ஈடு செய்வது? மாணவர்மீது அவர் வைத்திருக்கும் அக்கறையே அங்கே கருவியாக்கப்படுகிறது. அக்கறை இல்லாதவரிடம் அந்தத் தந்திரம் பலிக்காது. மறுமுறை உண்மையாகவே ஒரு மாணவி மயங்கி விழுந்தால், அவர் ஒரு கணம் ஐயுறக்கூடும். அந்த ஒரு கணத்தின் நட்டத்தை எந்த வாழ்த்தும் நிரப்பாது.

நல்லெண்ணம் இருந்தது, அது போதாதா என்பர் சிலர். நல்லெண்ணம் வேண்டும்; அதுவே வேர். ஆனால் பிறர்க்கு நேரக்கூடிய துன்பத்தை முன்கூட்டி எண்ணிப் பார்க்கும் உழைப்பும் நல்லெண்ணத்தின் ஒரு பகுதியே. அவ்வுழைப்பைச் செய்யாதவர் தம் மகிழ்ச்சியைத் தேடிவிட்டு, அதற்குப் பிறர் மகிழ்ச்சி என்று பெயர் வைத்துக்கொள்கின்றனர். இக்காலத்தில் இது மிகத் தெளிவாகத் தெரிகிறது. ஆசிரியை கண் கலங்கும் வேளையில் அனைவர் கையிலும் கைப்பேசி உயர்ந்திருக்கிறது. அன்று மாலைக்குள் அவருடைய கண்ணீரை அவர் அறியாத ஆயிரம் பேர் பார்த்துவிடுகின்றனர். அவரிடம் கேட்டார்களா? தம் முகத்தைப் பிறர்க்குக் காட்டுவதும் காட்டாதிருப்பதும் அவருடைய உரிமை அல்லவா?

ஆகவே மறைவோடு செய்யும் நற்செயலுக்கு மூன்று சோதனைகள் கூறலாம். அதன் பொருட்டு எவரேனும் ஒரு பொய்ச்சொல் சொல்ல நேர்ந்ததா? மறைவு நீங்கியபின், நடந்த ஒவ்வொன்றையும் அவரிடம் நாணமின்றி எடுத்துச் சொல்ல முடியுமா? அவர் விரும்பாவிடில் எவர் மனமும் நோகாமல் அதனை மறுக்க அவருக்கு இடம் இருக்கிறதா? இம்மூன்றிலும் தேறிய மறைவு தீங்கற்றது. ஒன்றில் தவறினாலும் அது அன்பின் உடையணிந்த வேறொன்று.

கடமைகளின் பட்டியல்

இவ்விடத்தில் நம் அன்பர்கள் நன்கறிந்த சிகாலோவாத சூத்திரத்தை நினைவூட்டுவது பொருந்தும். மாணவன் ஆசிரியருக்குச் செய்ய வேண்டிய கடமைகள் ஐந்து என்று பகவான் புத்தர் அதில் வகுத்துள்ளார். ஆசிரியரைக் கண்டவுடன் எழுதல், அவர் அருகிருந்து பணிதல், கற்பதில் ஆர்வம் கொள்ளுதல், அவர்க்குத் தொண்டு செய்தல், கற்பிப்பதைக் கவனமாய் ஏற்றுக்கொள்ளுதல் என்பன அவை. இவ்வைந்தில் பொருட்கொடை எங்கும் இல்லை. அதே சூத்திரத்தில் நண்பருக்குச் செய்யும் கடமைகளில் கொடையே முதலில் நிற்கிறது. மனைவிக்கு அணிகலன் அளித்தலும் கூறப்பட்டிருக்கிறது. கொடையை அறியாமல் ஆசிரியர் பகுதியில் அது விடப்பட்டது என்று கூற இடமில்லை. கற்பவனிடம் ஆசிரியர் பெறத் தக்கது அவனுடைய கல்வியே என்னும் கருத்தை இதிலிருந்து நாம் பெறலாம் என்று தோன்றுகிறது.

அளிக்கத் தக்கது

அப்படியானால் பிறந்தநாளன்று மாணவர் வாளாவிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. கொடுக்கத் தக்கது ஒன்று உண்டு. அதற்குக் காசு வேண்டாம். சட்டமும் அதனைத் தடுக்கவில்லை. கடைசி வரிசையில் இருப்பவனும் முதல் வரிசையில் இருப்பவனோடு சமமாக அதனைக் கொடுக்கலாம்.

கொரிய மாணவரிடையே பெரிய தாள் ஒன்றில் அனைவரும் ஆளுக்குச் சில வரிகள் எழுதி ஆசிரியருக்குக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. வெளிநாட்டு மாணவரும் அதனைச் செய்யலாம். ஆனால் எதை எழுதுவது? வாழ்க, வளர்க என்று எவரும் எழுதுவர். ஆசிரியை கற்பித்த ஒரு சொல் தனக்கு எந்த இடத்தில் எவ்வாறு உதவிற்று என்று ஒவ்வொருவனும் எழுதட்டும். ‘முதுகின் இடப்புறம் வலிக்கிறது என்று மருத்துவரிடம் சொன்னேன், அவர் புரிந்துகொண்டார்.’ ‘வீட்டு உரிமையாளரிடம் குழாய் ஒழுகுகிறது என்று தொலைபேசியில் கூறினேன், மறுநாள் ஆள் வந்தது.’ இவை சிறியவை. ஆனால் கற்பித்தவர் கண்ணால் காணாத இடங்களில் அவருடைய உழைப்பு பயனளித்துக்கொண்டிருப்பதற்கு இவையே சான்று. ஆசிரியர் விதைக்கிறார், விளைச்சலைக் காணும் வாய்ப்பு அவருக்குக் குறைவு. அதனைக் காட்டுவதைவிடப் பெரிய காணிக்கை வேறில்லை.

அவ்வரிகளை மாணவன் தானே எழுத வேண்டும். இன்று கைப்பேசியில் உள்ள மொழிபெயர்ப்புப் பொறி ஒரு நொடியில் பிழையற்ற கொரிய வாக்கியம் தந்துவிடும். அழகாகவும் இருக்கும். ஆனால் அதில் ஆசிரியையின் உழைப்பும் இல்லை, மாணவனின் உழைப்பும் இல்லை. இரண்டு பிழைகளோடு தானே எழுதிய ஒரு வரியை அவர் நெடுநாள் வைத்திருப்பார். அப்பிழைகளுள் ஒன்று, தாம் பத்து முறை திருத்தியது என்பதையும் கண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பு எவரும் நடித்து வரவழைத்ததன்று.

உண்மையான வியப்பும் இங்கேதான் இருக்கிறது. கொரிய மொழியில் பிறந்தநாளைக் குறிக்க இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று ஒத்தவர்க்கும் இளையவர்க்கும் உரியது. மற்றொன்று மூத்தோர்க்குரிய மதிப்புச்சொல். தொடக்கப் படியில் இருக்கும் மாணவன் ஒருவன், வயதில் மூத்த ஆசிரியையிடம் அம்மதிப்புச்சொல்லைத் தவறாமல் சொல்லி வாழ்த்துகிறான் என்று கொள்வோம். பின்னர், ‘இன்று காலை கடற்பாசிச் சாறு உண்டீர்களா?’ என்று வினவுகிறான். அந்நாட்டார் பிறந்தநாளன்று ஒருவரை ஒருவர் அன்போடு கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. பாடப்புத்தகத்தின் அந்தப் பக்கத்துக்கு வகுப்பு இன்னும் வந்து சேரவில்லை. இவனுக்கு இது எப்படித் தெரிந்தது என்று அவர் ஒரு கணம் திகைப்பார். தாம் கற்பித்ததற்கு மேலும் ஓர் அடி மாணவன் தானாகவே நடந்து சென்றிருப்பதைக் காண்பார். இதற்கு விளக்கை அணைக்க வேண்டியதில்லை. கதவுக்குப் பின் ஒளிந்திருக்க வேண்டியதில்லை. எவரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியரை வியக்கச் செய்வதற்கு வேண்டியது வளர்ச்சியே. வளரும் பயிர் தான் வளர்வதை ஒருவரிடமும் மறைப்பதில்லை. ஆயினும் ஒரு காலையில் அதனைப் பார்ப்பவர் வியந்து நிற்கின்றார்.

மதிப்பெண் முடிந்த பின்

இன்னும் ஒன்று கூற வேண்டும். காங்கியோங் மாணவியர் தேடிச் சென்றது நோயுற்றவரையும் ஓய்வு பெற்றவரையும் என்று முன்னர்க் கூறினோம். நன்றிக்கு அதுவே உரைகல். மதிப்பெண் தர வேண்டியவரிடம் காட்டும் அன்பில் எவ்வளவு நன்றி, எவ்வளவு எதிர்பார்ப்பு என்று கொடுப்பவனுக்கே பல வேளைகளில் தெரியாது. பத்து வாரம் முடிகிறது. மாணவன் வேறு படிக்கும் வேறு ஊருக்கும் செல்கிறான். அவனுக்கு இனி அந்த ஆசிரியையால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு அதே நாளில் அவனிடமிருந்து ஒரு மடல் வருகிறது. முன்னைவிடத் திருந்திய மொழியில், முன்னைவிட நீண்ட வாக்கியங்களில். அன்று அவர் அடையும் மகிழ்ச்சியில் ஐயத்தின் நிழல் இராது. அதனைச் சட்டமும் தடுப்பதில்லை. எதிர்பார்த்திருக்கவும் அவருக்குக் காரணம் இல்லை. ஆதலால் எதிர்பாராதது என்ற சொல்லுக்கு முழுவதும் உரியது அதுவே.

அப்படிச் செய்தாலும் கடன் தீர்ந்துவிடுமா என்றால், தீராது. ஒரு மொழியைக் கொடுத்தவருக்கு அதனைத் திருப்பிக் கொடுக்க எவராலும் இயலாது. அது அவரிடம் முன்னரே இருக்கிறது. ஆனால் பெற்றதை மற்றொருவருக்குக் கொடுக்கலாம். நேற்று விமானத்திலிருந்து இறங்கிய புதிய மாணவி கடையில் உப்புக்கும் சர்க்கரைக்கும் இடையே விழித்து நிற்கிறாள். அவள் எந்த நாட்டினள், எந்தச் சமயத்தவள், எந்தக் குடியில் பிறந்தவள் என்று கேளாமல், அருகே சென்று சொல்லைச் சொல்லிக் கொடுப்பவன் தன் ஆசிரியையின் பணியை மேற்கொண்டவன் ஆகிறான். அவர் அதனை அறியமாட்டார். அறியாவிட்டாலும் அது அவர்க்குச் செய்த சிறப்பே.

பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பிவைக்கும் பெற்றோர் நம்மிடையே பெருகி வருகின்றனர். ஆசிரியர்க்குக் கொடு என்று பொருள்களைப் பெட்டியில் வைத்து அனுப்பும் அன்பர்களும் உளர். அப்பொருள்களுக்குப் பதிலாக இந்த ஒரு சொல்லைச் சொல்லி அனுப்புங்கள்: ‘உனக்குக் கற்பிப்பவர் முன் எழுந்து நில்; அவர் சொல்வதைக் கருத்தோடு கேள்; அவரை எவ்வகையிலும் இக்கட்டில் நிறுத்தாதே; அவரால் உனக்கு ஆவது ஒன்றுமில்லை என்ற நாளிலும் அவரை மறவாதே.’ இதனைக் கடைப்பிடிக்கும் மாணவன் எந்த நாட்டிலும் நன்றி கொன்றவன் என்ற பெயர் எடுக்கமாட்டான். அவனுடைய ஆசிரியை, தம் பிறந்தநாளன்று கையில் ஒரு பரிசும் இல்லாமல் வீடு திரும்பினாலும், மனம் நிறைந்தே திரும்புவார்.